தண்ணீரில் அசையாமல் மிதக்கும் எலி – தைராய்டும் மனச்சோர்வும், ஒரு சோதனைக்கூட வரலாறு

40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கண்ணாடி உருளை. அதில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். வெப்பநிலை 25 டிகிரி. உள்ளே ஒரு எலியை விடுகிறார்கள். முதலில் அது சுற்றிச் சுற்றி நீந்துகிறது, சுவரில் ஏறப் பார்க்கிறது, முங்கிப் பார்க்கிறது. வழி இல்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போய், மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி சும்மா மிதக்கிறது. 15 நிமிடம் ஆனதும் எடுத்து, ஈரம் உலர்த்தி, கூண்டில் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் அதே எலி, அதே உருளை. இந்த முறை 5 நிமிடம்தான். ஆனால் எலி நேற்றைவிடச் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, அது எத்தனை விநாடி அசையாமல் இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்.

ரோஜர் போர்சோல்ட்டும் அவருடைய சகாக்களும் பிரான்சில் செய்து 1977-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை இது. மனச்சோர்வுக்கு (டாக்டர்கள் டிப்ரஷன் என்று சொல்வது) மனிதர்கள் சாப்பிடும் மருந்துகளை எலிக்குக் கொடுத்தால், அது அசையாமல் மிதக்கும் நேரம் குறைந்தது. அதனால் அந்த அசையாமைக்கு 'நம்பிக்கை இழந்த நிலை' என்று பொருள் கொண்டார்கள். மருந்து கம்பெனிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். செலவு குறைவு, இரண்டே நாளில் முடிவு தெரிந்துவிடும்.

இருபது வருடம் கழித்து, 1997-ல், குலிகோவ், டொரெசானி, ஜானிங்ரோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதே சோதனையில் வேறு மாதிரி எலிகளை விட்டுப் பார்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் குறைக்கப்பட்ட எலிகள். அவை மற்ற எலிகளைவிட அதிக நேரம் அசையாமல் கிடந்தன.

தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு வரும், எலியே சாட்சி என்று அத்தோடு முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தைராய்டு குறைந்த உடம்பு குளிர் தாங்காது. தசைகள் சீக்கிரம் களைத்துவிடும். இதயம் மெதுவாகத் துடிக்கும். அப்படிப்பட்ட ஒரு பிராணியை, அதன் உடம்புச் சூட்டைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், அது நீந்தாமல் கிடப்பதற்கு மனசுதான் காரணமாக இருக்க வேண்டுமா? உடம்பு ஓய்ந்து போனதாலும் இருக்கலாமே?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கும் மேல். அதன் கதை ஒரு கத்தியில் ஆரம்பிக்கிறது.

கழுத்தில் வைத்த கத்தி

1873-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலருக்கு வந்த ஒரு விசித்திர நிலையை விவரித்தார். முகம் உப்பி, தோல் தடித்து, பேச்சு இழுத்து, மனசும் மந்தமாகிப் போன பெண்கள். 1878-ல் வில்லியம் ஆர்ட் இதற்கு 'மிக்ஸெடீமா' என்று பெயர் வைத்தார். காரணம் என்னவென்று தெரியவில்லை.

காரணம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அங்கே மலைப்பகுதிகளில் கழுத்துக் கழலை மிக அதிகம். பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் அந்தக் கழலைகளைச் சுத்தமாக, ரத்தம் அதிகம் சிந்தாமல், முழுச் சுரப்பியோடு எடுத்துவிடுவதில் மகா கெட்டிக்காரர். ஆனால் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது அதிர்ந்து போனார். சுரப்பியை முழுதாக இழந்திருந்த 18 பேரைப் பரிசோதித்ததில் 16 பேர் உடம்பும் அறிவும் மங்கிப் போயிருந்தார்கள். 1883-ல் இதை அவரே வெளிப்படையாக அறிவித்தார். தன் கை செய்த தவறைத் தானே எழுதிவைத்த மனிதர் என்பதற்காகவே அவரை நினைவில் வைத்திருக்கலாம். (1909-ல் நோபல் பரிசும் கிடைத்தது.) ஜெனீவாவில் ரெவர்டினும் அதற்குச் சற்று முன்பே இதைக் கவனித்திருந்தார்.

லண்டனில் உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். சுரப்பி இல்லாததுதான் மிக்ஸெடீமாவுக்குக் காரணமா என்று பிராணிகளில் பார்க்கும் வேலை விக்டர் ஹார்ஸ்லி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் வந்தது. 1884 முதல் அவர் குரங்குகளின் தைராய்டை அகற்றிப் பார்த்தார். குரங்குகள் நடுங்கின, முகம் உப்பின, பிறகு மந்தமாகி எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்துவிட்டன. குரங்கு எப்படிப்பட்ட பிராணி என்பது எல்லோருக்கும் தெரியும். அது சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிற யாருக்கும் ஏதோ சரியில்லை என்று புரியும். பிராணியின் 'மனநிலை' தைராய்டு ஆராய்ச்சிக்குள் முதன்முதலாக எட்டிப் பார்த்தது இங்கேதான். ஆனால் ஹார்ஸ்லிக்கு அது ஒரு அறிகுறி, அவ்வளவுதான். அளந்து பார்க்க அவரிடம் ஒரு அளவுகோலும் கிடையாது.

அதிலும் ஒரு குழப்பம் இருந்தது. தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருந்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1891-ல் பிரான்சின் யூஜின் க்ளே அவற்றை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தைராய்டை அறுக்கும்போது இவையும் சேர்ந்து போய்விட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இழுப்பும் நடுக்கமும் வரும். ஆக மோரிட்ஸ் ஷிஃப்பின் நாய்கள் (1850-களில்) செத்ததற்கும், ஹார்ஸ்லியின் குரங்குகள் நடுங்கியதற்கும் பெரும்பாலும் காரணம் தைராய்டே அல்ல. எதை அறுத்தோம் என்று தெரியாமலேயே அறுத்து, விளைவை மட்டும் எழுதிவைத்த காலம் அது. எலி விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்றும் உண்டு. எலியின் பாராதைராய்டு தைராய்டுக்குள்ளேயே புதைந்திருப்பதால், சுரப்பியை எடுத்த எலிகளுக்குக் குடிக்கிற தண்ணீரில் கால்சியம் கலந்து கொடுக்கிறார்கள்.

கமிட்டியின் அறிக்கை 1888-ல் வந்தது. அதில் பலரும் தாண்டிப் போய்விட்ட ஒரு செய்தி இருக்கிறது: நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மனப்பிரமை, இல்லாததைக் காண்பது கேட்பது போன்ற மனக் கோளாறுகள் இருந்தன. மூன்றே வருடத்தில், 1891-ல், நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு 46 வயதுப் பெண் ஒருவரைத் தேற்றினார். பிறகு வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்தப் பெண் 28 வருடம் நன்றாக வாழ்ந்து 1919-ல் இறந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவாகியிருந்தது!

மருந்து கிடைத்துவிட்டது. 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். உடம்பு சரியாகிறது, முகம் வடிகிறது. மனசைப் பற்றிய பேச்சு அப்படியே நின்று போனது.

எவ்வளவு தூரம் நின்று போனது என்பதை 1949 காட்டியது. அந்த வருடம் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகள் என்று கருதப்பட்ட 14 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 14 பேருக்கும் தைராய்டு குறைபாடு. தைராய்டு கொடுத்ததில் 9 பேர் முழுமையாகக் குணமானார்கள். இந்த மாதிரி ஒரு நோயாளி, பைத்தியம் என்று சான்றிதழ் எழுதப்படவிருந்த கடைசி நேரத்தில் தப்பிப்பது, 1937-ல் ஏ.ஜே. க்ரோனின் எழுதிய 'தி சிட்டடல்' நாவலில் ஏற்கெனவே வந்துவிட்டது. க்ரோனினும் டாக்டர்தான். 1888-ல் கமிட்டி அச்சடித்துக் கொடுத்ததை அறுபது வருடம் கழித்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மனநல விடுதிகளில் எத்தனை பேர் ஒரு மாத்திரை கிடைக்காமல் கிடந்திருப்பார்களோ...

பால்டிமோரின் எலி மனிதர்

சரி, எலிக்கு வருவோம். இந்தக் கதையில் எலியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கர்ட் ரிக்டர் (1894–1988). அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மனநல மருத்துவமனைக் கட்டடத்திலேயே தன் சோதனைக்கூடத்தை வைத்திருந்தவர். தைராய்டு, மருந்து, தண்ணீர் என்று பின்னால் ஒன்று சேரப்போகிற மூன்று நூல்களையும் தனித்தனியாகத் தொட்டவர் இவர். வேடிக்கை என்னவென்றால் மூன்றையும் அவர் சேர்த்து முடிச்சுப் போடவில்லை.

முதல் நூல். எலிக்கூண்டோடு ஒரு சுழல்சக்கரத்தை இணைத்து, எலி ஒரு நாளைக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று தானாகவே எண்ணும்படி செய்திருந்தார் ரிக்டர். 1933-ல் அவர் வெளியிட்ட முடிவு: தைராய்டை எடுத்துவிட்டால் எலியின் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஹார்ஸ்லியிடம் இல்லாத அளவுகோல் இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் ரிக்டர் அந்த எலியைச் சோகமானது என்று எழுதவில்லை. அவரைப் பொறுத்தவரை அது 'செயல்பாடு குறைந்த' எலி. எண்ணிக்கைக்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பின்னால் வந்தவர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்று புரியும்.

இரண்டாவது நூல் தற்செயலாக வந்தது. ஃபீனைல்தயோகார்பமைடு என்றொரு பொருள் உண்டு. சிலருக்கு அது கடும் கசப்பு, சிலருக்கு ருசியே தெரியாது. (கல்லூரி மரபியல் வகுப்பில் காகிதத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வரலாம்.) எலிக்கும் கசக்குமா என்று பார்க்க ரிக்டர் சில எலிகளின் நாக்கில் கொஞ்சம் தூவினார். மறுநாள் காலையில் எலிகள் செத்துக் கிடந்தன. இதிலிருந்து ஒரு எலி மருந்து பிறந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பால்டிமோர் தெருக்களில் தூவப்பட்டது தனிக்கதை. கொல்லாத அளவில் தொடர்ந்து கொடுத்தபோது வேறொன்று நடந்தது. எலிகளின் தைராய்டு வீங்கியது. அதே பல்கலைக்கழகத்தில் மெக்கன்சி தம்பதியும் மெக்காலமும் சல்ஃபாகுவானிடின் என்ற மருந்தில் இதையே 1941-ல் கண்டிருந்தார்கள். சுரப்பி வீங்குகிறதே தவிர ஹார்மோன் உற்பத்தி நின்றுவிடுகிறது. 1943-ல் பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் இந்த வகைப் பொருள்களைத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுத்துக் காட்டினார்.

சோதனைக்கூடத்துக்கு இதனால் கிடைத்த லாபம் பெரியது. கத்தியே வேண்டாம்! குடிக்கிற தண்ணீரில் மருந்தைக் கலந்தால் போதும், சில வாரங்களில் தைராய்டு குறைந்த எலி தயார். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். பாராதைராய்டு தொல்லையும் இல்லை. பிறகு வந்த எலி ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது.

மூன்றாவது நூல் 1957-ல். ரிக்டர் எலிகளைத் தண்ணீரில் விட்டார். மிதந்து ஓய்வெடுக்க முடியாதபடி மேலிருந்து தண்ணீர் பீய்ச்சப்படும் ஆழமான ஜாடி. கூடத்தில் வளர்ந்த 12 எலிகளில் 9 எலிகள் 40 முதல் 60 மணி நேரம் நீந்தின. வெளியே பிடித்துவந்த 34 காட்டு எலிகள் அத்தனையும் 15 நிமிடத்துக்குள் செத்துப் போயின. ஆனால் காட்டு எலியைச் சில தடவை கையில் பிடித்து விட்டு, தண்ணீரில் போட்டு உடனே எடுத்துப் பழக்கியபோது அதுவும் மணிக்கணக்கில் நீந்தியது. தப்பிக்க வழி உண்டு என்று தெரிந்த எலி சாவதில்லை என்றார் ரிக்டர். (ஃபார்வர்டுகளில் வருகிற 'நம்பிக்கை எலி' கதை இதுதான். '15 நிமிடத்தில் சாகவிருந்த எலியை ஒரு தடவை காப்பாற்றியதும் 60 மணி நேரம் நீந்தியது' என்று வரும். காட்டு எலி, வீட்டு எலி என்ற வித்தியாசம் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.)

எண்ணிக்கைக்கு மேல் பேசாத அதே ரிக்டர், இங்கே 'நம்பிக்கை' என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை உள்ளே வந்த பிறகு வெளியே போகவே இல்லை. 1967-ல் பென்சில்வேனியாவில் செலிக்மன், ஓவர்மயர், மயர் ஆகியோர், தப்பிக்க முடியாத மின் அதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழியிருந்தும் முயலாமல் படுத்துவிடுவதைக் கண்டு, அதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம்தான் போர்சோல்ட்டின் உருளை.

செத்துப்போன சுண்டெலிகள்

தைராய்டும் மனச்சோர்வு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இன்னும் விசித்திரமானது. 1962-ல் வட கரோலினாவில் ஆர்தர் ப்ரான்ஜ், மோரிஸ் லிப்டன் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். தைராய்டு அதிகமாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால், மற்ற சுண்டெலிகளைவிட அதிகமாகச் சாகின்றன. அடுத்த வருடம், தைராய்டும் இமிப்ரமினும் சேர்ந்து ஒரு நோயாளியின் இதயத்துடிப்பு தாறுமாறாக எகிறியதையும் ப்ரான்ஜ் பதிவு செய்தார்.

சாதாரணமாக இங்கே கதை முடிந்திருக்க வேண்டும்: இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், ஆபத்து. ஆனால் சிந்தனை எதிர்ப்பக்கம் திரும்பியது. தைராய்டு ஹார்மோன் மருந்தின் நஞ்சைக் கூட்டுகிறதென்றால், மிகச் சிறிய அளவில் அதன் பலனையும் கூட்டுமோ? 1952-ல் லண்டனில் கிராஸும் பிட்-ரிவர்ஸும் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனை அடையாளம் கண்டிருந்தார்கள். தைராக்ஸினில் நான்கு அயோடின் அணுக்கள், இதில் மூன்று. வீரியம் அதிகம், வேகமும் அதிகம். இந்த டி3-யில் 25 மைக்ரோகிராமை இமிப்ரமினோடு சேர்த்துக் கொடுத்ததில், மனச்சோர்வு நோயாளிகள் வேகமாகத் தேறினார்கள் என்று 1969-ல் ப்ரான்ஜ் குழு அறிவித்தது. பலன் முக்கியமாகப் பெண்களிடம் தெரிந்தது. இவர்களுக்கெல்லாம் தைராய்டு குறைபாடே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மருத்துவம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், இரண்டு மருந்துகளுக்கும் அசையாத நோயாளிகளில் டி3 சேர்க்கப்பட்டவர்களில் 24.7 சதவீதமும் லித்தியம் சேர்க்கப்பட்டவர்களில் 15.9 சதவீதமும் குணமானார்கள். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஒன்றுமில்லை என்றும் தள்ள முடியாது.

எலிகளிடம் பதில் கொஞ்சம் தெளிவாக வந்தது. 1985-ல் பிரான்சில் மார்ட்டின் குழு, கையறுநிலைக்குத் தள்ளப்பட்ட எலிகளுக்கு டி3 கொடுத்தபோது அவை மறுபடி தப்பிக்க முயன்றன. 1990-ல் லெவின், டிராட்மன் குழு தலைகீழாகப் பார்த்தது. தைராய்டு எடுக்கப்பட்ட எலிகளிடம் தப்பிக்கும் முயற்சி நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போனது. கொடுத்தால் எழுகிறது, எடுத்தால் படுக்கிறது. அப்புறம் 1997-ன் நீச்சல்.

எல்லாம் ஒரே திசையில் போகிறது. ஆனாலும் அந்தப் பழைய முள் குத்திக்கொண்டே இருந்தது. தைராய்டு இல்லாத எலி எழுந்திருக்காததற்கு மனசு காரணமா, தசை காரணமா? தைராய்டு கொடுத்ததும் ஓடுகிற எலிக்கு உற்சாகம் வந்ததா, வெறுமனே சூடு ஏறியதா? ரிக்டரின் சுழல்சக்கரம் 1933-லேயே இரண்டும் கலந்திருப்பதைக் காட்டிவிட்டது. போதாததற்கு நீச்சல் சோதனை மீதே சந்தேகம் வலுத்தது. எலி அசையாமல் மிதப்பது நம்பிக்கை இழந்து அல்ல, நீந்திப் பயனில்லை என்று கற்றுக்கொண்டு சக்தியைச் சேமிக்கிறது, அது புத்திசாலித்தனம் என்று 2015-ல் நெதர்லாந்தின் மோலெண்டைக்கும் டி க்ளோட்டும் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முதல் நாள் 15 நிமிடம் சுவரைப் பிராண்டிப் பார்த்த எலி மறுநாளும் அதையே செய்தால் அதைத்தான் மண்டு என்று சொல்ல வேண்டும்.

ரத்தம் சொல்லாத செய்தி

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. உடம்பில் தைராய்டு சரியாக இருக்க வேண்டும், மூளையில் மட்டும் குறைய வேண்டும். அப்படி ஒரு பிராணி கிடைத்தால் 'தசை ஓய்ந்துவிட்டது' என்று சொல்ல முடியாது.

முதலில் மூளைக்குத் தைராய்டில் என்ன வேலை என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1982-ல் அமெரிக்காவில் கிராண்ட்ஸ், சில்வா, லார்சன் மூவரும் எலியில் காட்டியது திருப்புமுனை. மூளைப் புறணியில் இருக்கும் டி3-யின் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து நேராக வருவதில்லை. தைராக்ஸினை வாங்கி, ஒரு அயோடினைக் கழற்றி, மூளை தானே டி3-யாக மாற்றிக்கொள்கிறது. அதைச் செய்கிற நொதிக்கு டி2 என்று சுருக்கப் பெயர். அது முக்கியமாக இருப்பது நரம்பு செல்களில் அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்களில். ஆக, ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் 'நார்மல்' என்று இருந்தாலும் மூளைக்குள் பற்றாக்குறை இருக்க இடமுண்டு.

அடுத்து, மூளைக்குள் தைராய்டு என்ன செய்கிறது? பெரிய எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புது நரம்பு செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. 2005-ல் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா குழு, தைராய்டு குறைந்த எலியில் அப்படிப் பிறந்த செல்கள் பிழைத்து நரம்பு செல்லாக முதிர்வது குறைகிறது என்று கண்டது. மறுவருடம் மாட்ரிட் குழு ஒன்று, செல்கள் பெருகுவதே ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்றும், அதே எலிகள் நீச்சல் சோதனையில் அதிகம் அசையாமல் கிடக்கின்றன என்றும் எழுதியது. ஆனால் புதுப் பொருளைப் பழைய பொருளிலிருந்து பிரித்தறியும் ஞாபகசக்தி அந்த எலிகளுக்கு நன்றாகவே இருந்தது. மொத்தமாக மந்தமாகிவிடவில்லை என்பதற்கு இது ஒரு சின்ன ஆதாரம். தைராக்ஸின் கொடுத்ததும் இரண்டும் சரியாயின.

சுவீடனில் வென்ஸ்ட்ரோம் குழு வேறு வழியில் போனது. டி3-யைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்றை மரபணு மாற்றத்தால் பழுதாக்கி, அது டி3-யைப் பற்றும் திறனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். சுரப்பியில் குறையில்லை, செய்தியைக் கேட்கிற காது மந்தம். 2005-ல் அந்தச் சுண்டெலிகளிடம் பதற்றமும் ஞாபகக் குறைவும் தெரிந்தன. அதிக அளவு டி3 கொடுத்ததும் குறைந்தன. 2010-ல் பில்ஹாட்ச் குழு அதே வகைச் சுண்டெலிகளிடம் மனச்சோர்வு போன்ற நடத்தையும் அதிகம் என்று காட்டியது. ஆனால் இவற்றுக்கு நடை இயக்கத்திலும் கோளாறு இருந்ததால் முள் முழுதாக வெளியே வரவில்லை.

2016-ல் சிகாகோவில் அன்டோனியோ பியாங்கோவின் குழு செய்ததுதான் மிக நெருங்கிப் போனது. ஆஸ்ட்ரோசைட் செல்களில் மட்டும் டி2 நொதி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ரத்தத்தில் டி3 அளவு சாதாரணம். கழுத்துச் சுரப்பியை யாரும் தொடவில்லை, தண்ணீரில் மருந்து கலக்கவில்லை. ஆனாலும் அவை திறந்த வெளியில் பதுங்கின. வாலைக் கட்டித் தொங்கவிட்டபோது மற்றவற்றைவிடச் சீக்கிரம் துவண்டன. போர்சோல்ட்டின் தண்ணீரிலும் அதிகம் அசையாமல் மிதந்தன. அசையாமைக்கு என்ன பொருள் என்ற சண்டை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 'தைராய்டு குறைந்து உடம்பு ஓய்ந்ததால்தான்' என்ற பதில் இங்கே செல்லாது.

இந்தச் சுண்டெலிகள் ஏன் முக்கியம் என்பதற்குச் சோதனைக்கூடத்துக்கு வெளியே காரணம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை போடுகிறவர்களில் ஒரு பகுதியினர், பரிசோதனைத் தாளில் டி.எஸ்.ஹெச். சரியாக இருந்தும், மனசு மந்தமாகவே இருக்கிறது என்று சொல்கிறார்கள். 'ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்பதுதான் வழக்கமான பதில். மாத்திரையில் இருப்பது டி4 மட்டும். டி3-யாக மாற்றுகிற வேலைக்கு டி2-ஐத்தான் அவர்கள் அதிகம் நம்பியிருக்க வேண்டும். 2009-ல் பிரிட்டனில், டி2 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ள 16 சதவீதத்தினருக்கு டி4-ஓடு டி3-யும் சேர்த்துக் கொடுத்தால் மேல் என்று ஒரு ஆய்வு வந்தது. 2017-ல் நெதர்லாந்தில் பெரிய கூட்டத்தில் தேடியபோது அந்த மரபணு வடிவத்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை. இன்னொரு பக்கம், தைராய்டு லேசாக மட்டும் குறைந்திருந்த 737 முதியவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு (அதுவும் 2017-ல்), அவர்களுடைய களைப்பு போன்ற அறிகுறிகளில் மாற்றமே இல்லை என்றது. ஆகவே மனசு சரியில்லாத எல்லோருக்கும் தைராய்டு மாத்திரை என்று கிளம்பவும் இடமில்லை.

பியாங்கோ குழுவின் சுண்டெலிகளிடம் இன்னொன்றும் பார்த்தார்கள். அவற்றைத் தினமும் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். நான்கு வாரம் முடிந்து மறுபடி சோதித்தபோது, பதுங்கலும் துவளலும் போய்விட்டன. நொதி இல்லாதது இல்லாததுதான், மூளைக்குள் எதுவும் திரும்ப வைக்கப்படவில்லை. வெறும் ஓட்டம்.

அந்தச் சோதனையில் ஓடியவை, மிதந்தவை, தொங்கியவை எல்லாம் ஆண் சுண்டெலிகள். கட்டுரைத் தலைப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். 1873-ல் வில்லியம் கல் எழுதியது பெண்களைப் பற்றி. ப்ரான்ஜின் டி3 நன்றாக வேலை செய்ததும் பெண்களிடம். தைராய்டு குறைபாடு இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.